பம்மல் பாயின் ஹார்ட் டிஸ்க்

பிள்ளைகளா, வீட்டில் யார் படம் எடுத்தாலும் "இன்னொரு இடத்துலயும் போட்டு வை" என்று நான் நச்சரிப்பதும், என் தலை மறைந்ததும் நீங்கள் இருவரும் "அப்பாவுக்கு ரெண்டு காப்பி" என்று சிரிப்பதும் எனக்குத் தெரியும். சிரியுங்கள். ஆனால் போன வாரம் பெரியவள் நேராகவே கேட்டுவிட்டாள், "ஒனக்கு என்னப்பா ஆச்சு, ஏன் இப்படிப் பயப்படுற?" என்று. வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். எனக்கும் கோர்வையாக வராது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கடை இருந்தது. கடை என்றால், ஒரு மாடிப்படிக்குக் கீழே கிடைத்த இடம். நானும் ஒரு மேஜையும் உள்ளே இருந்தால் கஸ்டமர் வெளியேதான் நிற்க வேண்டும். பிளஸ் டூவுக்குப் பிறகு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கொஞ்ச நாள் படித்ததுதான் என் படிப்பு. பார்ட்ஸ் வாங்கி வந்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பேன், கெட்டுப்போனால் சரி செய்வேன்.

அப்படி என்னிடம் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் ஒருவர் பம்மல்காரர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை வாத்யாரே என்பார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு, ஷூவுக்கு அப்பர் தைத்துக் கொடுக்கிற தொழில். ஷூவில் அடிப்பாகம் போக மேலே இருக்கிற தோல் முழுவதும் அப்பர்தான். முன்பக்கத் துண்டு, பக்கத் துண்டுகள், நாக்கு, குதிகாலைச் சுற்றி வரும் பின்பக்கத் துண்டு, இவற்றைத் தனித்தனியாக வெட்டிச் சேர்த்துத் தைக்க வேண்டும். பாய் அந்தத் துண்டுகளின் வடிவத்தை வரைவார். அதை வைத்துத் தோல் வெட்டப்படும். அவருடைய மனைவி தைப்பார். மொத்தத் தொழிலும் பாயின் கோட்டில்தான் இருந்தது. கோடு கால் அங்குலம் அப்படி இப்படிப் போனால் யார் காலிலோ போய்க் கடிக்கும்.

முதலில் அட்டையில் கையால் வரைந்துகொண்டிருந்தவர் கம்ப்யூட்டரில் வரைய ஆசைப்பட்டார். கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கினால், விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்கிற லினக்ஸ் சி.டி. கூடவே இலவசமாக வந்த காலம் அது. அதைப் போட்டுக் கொடுத்தேன். எனக்கே அது அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது. நான் ஒன்று கண்டுபிடித்தால் அவருக்குச் சொல்வேன், அவர் ஒன்று கண்டுபிடித்தால் போன் செய்து ஒரு மணி நேரம் பேசுவார். உங்கள் அம்மா, "ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டிருக்கலாம்" என்பாள்.

பாயிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மாடல், எந்த சைஸ், இடதா வலதா, எத்தனையாவது திருத்தம், எல்லாவற்றையும் ஃபைலின் பெயரிலேயே எழுதிவிடுவார். பெயர் ரயில் மாதிரி நீண்டிருக்கும். படத்துக்குள் ஓர் எழுத்துகூட இருக்காது. ஏன் பாய் என்று கேட்டதற்கு, "உள்ள எழுதினா, வெட்றவன் அதையும் கோடுன்னு நெனச்சி வெட்டிப்புடுவான் வாத்யாரே. ஒருத்தன் எஸ்ஸுன்னு போட்ட எழுத்த அழகா பாம்பு மாதிரி வெட்டிக் குடுத்தான்" என்றார்.

இன்னொன்று, அவருடைய கம்ப்யூட்டரில் பட்டன் பேட்டரி செத்துப்போயிருந்தது. கம்ப்யூட்டர் நின்ற பிறகும் உள்ளே கடிகாரத்தை ஓட வைக்கிற சின்ன வில்லை அது. அது போய்விட்டால், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் கம்ப்யூட்டர் தன் பழைய முதல் தேதிக்கே போய் நிற்கும். மாற்றுங்கள் பாய் என்று எத்தனையோ முறை சொன்னேன். "டைம் சொல்ல பள்ளிவாசல்ல ஆள் இருக்காரு, இது எதுக்கு" என்று சிரிப்பார்.

அவர் ஒரு நாள் காலை குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது தண்ணீர் லாரி மோதி இறந்துபோனார். எனக்குச் செய்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கமே முடிந்திருந்தது. அவர் வீட்டில் கம்ப்யூட்டரை அணைக்காமல் போயிருந்தார். யாருக்கும் அது ஞாபகத்தில் இல்லை. அந்த வாரம் முழுவதும் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது. அது தானாக நின்று, தானாகக் கிளம்பி, பாதியில் விழுந்து, மறுபடி கிளம்பி, மூடிய அறைக்குள் கிடந்திருக்கிறது.

சில நாள் கழித்து பாயின் அண்ணன், பம்மலில் தோல் கெமிக்கல் கடை வைத்திருந்தவர், கம்ப்யூட்டரை ஒரு லுங்கியில் சுற்றி ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"இது ஆன் ஆவல. உங்ககிட்டதான் வாங்குனானாம். பாருங்க."

"யாராவது தொட்டாங்களா பாய்?"

"எங்க ஏரியாவுலயே ஒரு பையன் கடை வச்சிருக்கான். அவங்கிட்ட குடுத்தோம். கறுப்பா ஸ்கிரீன் வந்து ஏதோ கேள்வி கேட்டுக்கினே இருந்திச்சி. அவன் ஒய், ஒய்னு அழுத்திக்கினே இருந்தான். ரொம்ப நேரம் அழுத்தினான். அப்புறம் கை வலிக்குதுன்னு அந்த எழுத்து மேல பேனாவ முட்டுக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டான்."

டிஸ்க்கைக் கழற்றிக் காதருகே வைத்து, கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். உள்ளே நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

"வருமா வராதா சொல்லுங்க" என்றார். பிறகு அவரே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். நாகல்கேணிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி பாயிடம் ஒரு பெரிய ஆர்டர் பேசியிருந்தது. சாம்பிள் இரண்டு முறை திரும்பி வந்து, மூன்றாவது சாம்பிள் அனுப்ப வேண்டிய நேரம். பாயின் மனைவி, அதைத் தானே தைத்து அனுப்பித் தொழிலைத் தொடர்ந்து நடத்துகிறேன் என்கிறார். அண்ணனுக்கு அதில் சம்மதமில்லை.

"ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு லேடீஸ் எப்படிங்க ஒர்க்‌ஷாப் நடத்துறது? இத்தா முடிஞ்சதும் வாணியம்பாடில அவங்கம்மா வூட்டுக்குப் போறதுதான் மரியாதை. சரி, கேக்குறாங்க. இந்த ஆர்டர் கெடச்சிச்சின்னா மெஷின் ரெண்டும் அங்கயே கெடக்கட்டும், வூட்டையும் கேக்கல. கெடைக்கலன்னா நான் சொல்றத கேட்டுக்கணும். எல்லார் முன்னாடியும் பேசியாச்சி."

கெட்டவர் இல்லை அவர். தம்பி பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டவர்தான். ஆனால் அவர் கவலை முழுவதும் மெஷினைத் தூக்கும் பக்கமே சாய்ந்திருந்தது.

ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல் எப்படி இருக்கிறது என்று இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. ஃபைலின் உள்ளே இருக்கிற விஷயம் ஓரிடத்தில் இருக்கும். அதன் பெயர் வேறோரிடத்தில் இருக்கும். நம் தெருவில் வீடுகள் ஒரு பக்கம், எது யார் வீடு என்று தபால்காரர் மனதில் வைத்திருப்பது இன்னொரு பக்கம், அந்த மாதிரி. தபால்காரர் மாறிவிட்டால் வீடு இடிந்துவிடாது. ஆனால் புதிதாக வந்தவர் ஒவ்வொரு கதவாகத் தட்டித்தான் கேட்க வேண்டும்.

லினக்ஸில் இதையெல்லாம் சோதித்துச் சீர் செய்ய எஃப்.எஸ்.சி.கே. என்று ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு கோளாறாகக் காட்டி, சரி செய்யட்டுமா என்று கேட்கும். டிஸ்க் நன்றாக இருந்து கணக்கு மட்டும் குழம்பியிருந்தால் அது பெரிய உதவி. டிஸ்க்கே செத்துக்கொண்டிருந்தால் கதை வேறு. படிக்க முடியாத இடத்தையெல்லாம் காலி என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிடும். பம்மல் பையன் வைத்த பேனா அந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று சொல்லியிருக்கிறது. பெயர்கள் இருந்த இடங்கள் பெரும்பாலும் போய்விட்டன.

பாய் என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார், "எல்லாத்தையும் இன்னொரு எடத்துலயும் போட்டு வச்சிருக்கேன் வாத்யாரே" என்று. அந்த நம்பிக்கையில்தான் நான் இருந்தேன். பார்த்தால், அந்த இன்னொரு இடம் அதே டிஸ்க்கின் இரண்டாவது பாகம். ஒரே தட்டை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கத்தில் சோறும் மறு பக்கத்தில் அதே சோறும் வைத்திருந்தார். தட்டு விழுந்துவிட்டது. அந்த நாளில் கம்ப்யூட்டர் வைத்திருந்த அத்தனை பேரும் இப்படித்தான் செய்தார்கள். திரையில் இரண்டு இடமாகத் தெரிந்தால் இரண்டு இடம் என்றே நினைத்தார்கள்.

கெட்ட டிஸ்க்கில் நேரடியாக வேலை செய்யக் கூடாது. படிக்க முடிகிற ஒவ்வொரு துளியையும் முதலில் ஒரு நல்ல டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். அதற்கு டிடி ரெஸ்க்யூ என்று ஒரு கட்டளை. சாதாரண நகல் கெட்ட இடத்தில் முட்டினால் நின்றுவிடும். இது அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போய், நல்லதையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, பிறகு கெட்ட இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி மறுபடி முயலும். அதை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் எண்கள் ஏறும், நிற்கும். நிற்கும்போதெல்லாம் அந்தச் சுரண்டல் சத்தம்.

டிஸ்க் சூடாகி நின்றுபோகும். ஆறினால் கொஞ்ச நேரம் படிக்கும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் என்று இந்தத் தொழிலில் இருந்தவர்கள் சொல்லிக்கொள்வார்கள். பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்கள் அம்மா ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டு வழி விடவில்லை.

"செத்துப்போனவரு பொருள இதுல வைக்காதீங்க. கொழந்தைக்குப் பால் வைக்கிற எடம்."

"பொருள் இல்ல, டிஸ்க்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

கடைசியில் பாலை வெளியே எடுத்து வைத்துவிட்டு இடம் கொடுத்தாள். பாய்க்காகக் கொடுத்தாள் என்று நினைக்கிறேன். எனக்காக இல்லை.

சில்லிட்டு வெளியே வந்த டிஸ்க் கொஞ்சம் படித்தது. பிறகு ஒரு மதியம் டக், டக் என்று தட்டியது. அதன் பிறகு அதில் சத்தமே இல்லை. அதுவரை வந்ததுதான் வந்தது.

நகலை இன்னொரு முறை நகலெடுத்து, அந்த நகலின் நகலில் வேலையைத் தொடங்கினேன். இந்த முறை எஃப்.எஸ்.சி.கே. கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் படித்தேன். எனக்கு அந்த இங்கிலீஷ் சட்டென்று ஓடாது. பக்கத்தில் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி, ஒரு பதில் என்று போனேன். பெயர் இழந்த ஃபைல்களை அது 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற ஓரிடத்தில் கொண்டுவந்து குவிக்கும். ரயில்வே ஸ்டேஷனில் காணாமல் போன பொருள் எல்லாவற்றையும் ஒரே அறையில் போட்டு வைப்பது போல. பெயருக்குப் பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பாய் வருடக்கணக்காக வரைந்தது, கேட்டது, பார்த்தது எல்லாம் அங்கே வெறும் எண்களாகக் குவிந்து கிடந்தது.

எது எந்த ஜாதி ஃபைல் என்று சொல்கிற ஒரு கட்டளை இருக்கிறது. அதை வைத்துப் படங்களை ஒரு பக்கம், பாட்டை ஒரு பக்கம், ஷூ வரைபடங்களை ஒரு பக்கம் பிரித்தேன். பிரிக்கும்போது திறந்து பார்க்காமல் முடியாது. ரேஷன் கார்டு ஸ்கேன் வந்தது. பிள்ளைகள் மவுஸால் கிறுக்கிய வீடும் சூரியனும் வந்தன. பாயின் போட்டோ ஒன்று வந்தது. நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் பாய். அதற்குக் கீழே சாம்பல் நிறம். மீதி டிஸ்க்கில் இல்லை. அன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டேன்.

ஷூ வரைபடங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எந்த மாடல் என்று தெரியவில்லை. எது முதல் திருத்தம், எது கடைசித் திருத்தம் என்றும் தெரியவில்லை. தேதியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், அந்த பட்டன் பேட்டரியால் எல்லா ஃபைலும் ஒரே மாதத்தில் பிறந்த மாதிரி தேதி போட்டுக்கொண்டு நின்றன. நேற்று வரைந்ததும் மூன்று வருஷத்துக்கு முன் வரைந்ததும் ஒன்றாகத் தெரிந்தன. அவற்றைப் பிரித்துச் சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவர் அந்தத் துண்டுகளைத் தைத்தவர்.

பாயின் மனைவி அப்போது இத்தாவில் இருந்தார். கணவர் இறந்தால் அவர்கள் வழக்கத்தில் நாலு மாதம் பத்து நாள் மனைவி வீட்டைவிட்டு வெளியே வர மாட்டார், வெளி ஆண்கள் கண்ணில் பட மாட்டார். கடைக்கு வரச் சொல்ல முடியாது. நானே என் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பம்மலுக்குப் போனேன். முன்னறையில், தையல் மெஷின்களுக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்கள். உள்ளறை வாசலில் ஒரு பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் அவர். திரை ஓரத்தில், இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி ஒரு நாற்காலி போட்டு பாயின் அக்கா உட்கார்ந்தார். பிரிண்ட் ஆகி வரும் தாளை வாங்கி உள்ளே கொடுப்பது அவர் வேலை.

வரைபடம் திரையில் எவ்வளவு பெரிதாகவும் தெரியும். ஆனால் தாளில் சரியான அளவில் வந்தால்தான் பிரயோஜனம். முதலில் ஒரு கோடு அச்சடித்து ஸ்கேல் வைத்து அளந்து சரிபார்த்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். உள்ளே கத்தரிக்கோல் சத்தம் கேட்கும். அடுத்து தாள் மடங்கும், கட்டை தட்டும். பிறகு குரல் வரும்.

"அண்ணே, இது போன ரம்ஜானுக்கு முன்னாடி தச்ச ஸ்கூல் ஷூ. பக்கத் துண்டு. இது வேணாம்."

"இது நாக்கும்மா?"

"நாக்கு இல்லண்ணே. நாக்கு நுனி இவ்ளோ கூரா இருக்காது. இது பின்பக்கம். தலகீழா பாத்திருப்பீங்க."

அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, நீ ஷூ போட்டிருக்கியா?" என்றார். "இல்லக்கா, செருப்புதான்." "அதான்."

பாயின் மனைவி கண்ணால் பார்க்காமல் கையாலேயே அடையாளம் காண்கிற மாதிரி இருந்தது. தாளை வெட்டி, மடக்கி, கால் வடிவத்தில் இருக்கும் கட்டைமேல் போர்த்திப் பார்த்துச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் அந்த எண்ணை அழித்துப் பழையபடி பெயர் வைத்தேன். பாய் வைக்கிற மாதிரியே நீளமாக. தப்பாக வைத்தால் அவரே உள்ளிருந்து திருத்தினார். "சைஸு மொதல்ல வராதுண்ணே, மாடல்தான் மொதல்ல. அவங்க அப்படித்தான் போடுவாங்க."

ஒரு முறை அண்ணன் வாசலில் வந்து நின்று, மெஷினைப் பார்த்து, தாள் குவியலைப் பார்த்து, "இன்னும் எத்தன நாளு இது?" என்றார்.

"டெம்போ சொல்லி வச்சிருக்கியே, அதுக்கு வெயிட்டிங் சார்ஜ் ஏறுதா?" என்றார் அக்கா. அவர் போய்விட்டார். திரைக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிரிப்பு கேட்டது. நான் அந்த வீட்டில் அவர் சிரித்துக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஆர்டருக்கான துண்டுகள் ஏறக்குறைய எல்லாம் கிடைத்தன. மிச்சமிருந்தது முன்பக்கத் துண்டு. சாம்பிள் இரண்டு முறை திரும்பி வந்ததே அதனால்தான். அதில் மூன்று வடிவங்கள் எங்களுக்குக் கிடைத்தன.

முதலாவதை வெட்டிக் கட்டையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது மொதல்ல தச்சது. இறுக்குதுன்னு திருப்பி அனுப்பினாங்க" என்றார். இரண்டாவதைப் பார்த்து, "இது அடுத்தது. இது தொளதொளன்னு இருந்துச்சி" என்றார். பிறகு, "அன்னிக்குக் காலைல, ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு போட்டிருக்கேன், வந்து தச்சிடலாம்னு சொல்லிட்டுத்தான் வெளிய போனாங்க. அது எங்கண்ணே?"

மூன்றாவதை நான் ஏற்கெனவே திறந்து பார்த்திருந்தேன். அச்சடிக்காமல் வைத்திருந்தேன். கோடு விரல் நுனியில் தொடங்கி, பாதத்தின் வெளிப்பக்கமாக அழகாக வளைந்து போய், கால் நுழையும் வாயருகே நின்றுவிட்டது. உள்பக்கம் இல்லை. ஃபைலின் பின்பாதி முழுவதும் வெறும் பூஜ்ஜியம். டிஸ்க்கில் அந்த இடத்தைத்தான் டிடி ரெஸ்க்யூ கடைசிவரை சுரண்டிக்கொண்டிருந்தது.

வெளிப்பக்கத்தை அப்படியே திருப்பிப் போட்டு உள்பக்கமாக்கிவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன்.

"ஆவாதுண்ணே. காலு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா இருக்கு?"

நகல் முழுவதையும், ஃபைல் என்று கூடப் பார்க்காமல், பச்சையாக ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை அந்தக் கோட்டின் எண்களைத் தேடிப் பார்த்தேன். பாய் சேமித்து வைத்த இரண்டாவது பாகத்திலும் தேடினேன். அன்று காலை வரைந்ததை அங்கே போட அவருக்கு நேரம் இருந்திருக்காது. உள்ளறைத் திரையருகே போய், "இல்லம்மா. இவ்வளவுதான் இருக்கு" என்றேன்.

உள்ளே பழைய இரண்டு தாள்களையும் எடுத்து விரிக்கும் சத்தம் கேட்டது. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாதியக் குடுங்கண்ணே."

அச்சடித்துக் கொடுத்தேன். பென்சில் கேட்டார். நான் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன், அக்கா வேண்டாம் என்று தலையாட்டி, மெஷின் டிராயரிலிருந்து பாயின் பென்சிலை எடுத்துக் கொடுத்தார். மீதிப் பாதியை பாயின் மனைவியே போட்டார். இறுக்கமானதையும் தொளதொளத்ததையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, நடுவில் பாய் எங்கே போயிருப்பார் என்று யோசித்துப் போட்டிருப்பார். எத்தனை முறை அழித்தார் என்று தெரியாது. ரப்பர் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதை வைத்துத் தோல் வெட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷினை நகர்த்திப் போட்டுக்கொண்டு அவர் தைத்தார். சாம்பிள் போனது.

பதிலை அண்ணன்தான் வந்து சொன்னார். "உள்பக்கம் இழுக்குதாம். இனிமே டைம் இல்லன்னு வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க." அவர் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. அதையும் நான் எழுதிவிட வேண்டும்.

இத்தா முடிந்ததும் வாணியம்பாடிக்குக் கிளம்பினார்கள். மீட்டெடுத்த எல்லாவற்றையும், அந்த மூக்குவரை உள்ள போட்டோவையும் சேர்த்து, சி.டி.களில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் சாமான்கள் கட்டிக் கிடந்தன. முன்னறையில் மெஷின்கள் இருந்த இடத்தில் தரை மட்டும் நிறம் மாறித் தெரிந்தது. புர்கா போட்டு நின்றவரை அன்றுதான் முதல் முறையாக நேரே பார்த்தேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட வயதில் சின்னவர்.

சி.டி. உறையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "உங்க கம்ப்யூட்டர்ல இது இருக்காண்ணே?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. இது கெட்டுப்போனாலும் ஒரு போன் போட்டா..."

"யாரு கேட்டாலும் குடுத்துராதீங்க. மெஷின் போச்சி. இது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு. என்னிக்காவது ஒரு மெஷின் போடுவேன்."

அக்கா பிள்ளைகளின் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். அவ்வளவுதான்.

அடுத்த வாரமே அண்ணன் என் கடைக்கு வந்தார். சொந்தமாக அப்பர் வேலை ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னார். மெஷின் இருக்கிறது, ஆள் பிடித்துவிடலாம், தம்பி வரைந்தது இருந்தால் போதும்.

"அவங்களுக்குத்தான் சி.டி. போட்டுக் குடுத்துட்டேனே பாய். அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"அவங்க அத வச்சிக்கினு இன்னா பண்ணப்போறாங்க? உங்க டிஸ்குல ஒரு காப்பி கீதுல்ல?"

"இருக்கு" என்றேன்.

"அவன் என் தம்பிங்க. நான் தூக்கி வளத்தவன். அவன் போட்ட கோட்டுல எனக்குப் பாத்தியதை இல்லன்னு சொல்றீங்களா?"

நான் அப்படிச் சொல்லவில்லை. யார் முகத்துக்கு நேராகவும் இல்லை என்று சொல்ல எனக்கு வராது. உங்கள் அம்மாவைக் கேளுங்கள். "நாளைக்குக் காலைல வரேன், போட்டு வைங்க" என்று எழுந்து போனார். நாளைக்குக் காலை அவர் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தம்பி பேச்சை எடுத்தால் நான் கொடுத்துவிடுவேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சி.டி. என்பது அந்தக் காலத்தில் நம்பக்கூடிய பொருள் இல்லை. நம் ஊர் ஈரத்துக்கு நாலைந்து வருஷத்தில் பூஞ்சை பிடித்துப் படிக்காமல் போகும். நான் அழித்துவிட்டால் உலகத்தில் அந்த சி.டி.களைத் தவிர வேறு எதுவும் இருக்காது. அவர் என்றாவது ஒரு நாள் போன் செய்து, அண்ணே, சி.டி. திறக்கவில்லை என்று சொன்னால் என்னிடம் பதில் இருக்காது. இதையும் யோசித்தேன். மதியம் முழுக்க யோசித்தேன்.

பிறகு ஷட்டரைப் பாதிக்கு இறக்கினேன். நகல்கள் இருந்த டிஸ்க்கை மாட்டி, கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையைத் திறந்தேன். டிடி என்ற கட்டளை நகல் எடுப்பதற்குத்தான். ஆனால் எடுக்கிற இடத்தில் பூஜ்ஜியம் என்று கொடுத்தால் டிஸ்க்கின் முதலிலிருந்து கடைசிவரை பூஜ்ஜியத்தால் நிரப்பிவிடும். அதற்குப் பிறகு என்னாலும் எடுக்க முடியாது, யாராலும் எடுக்க முடியாது. அந்தக் கட்டளை கேள்வி கேட்காது. சரியான டிஸ்க்தானா என்று, டிஸ்க்கைக் குறிக்கும் எழுத்தைச் சரிபார்த்தேன். மறுபடி சரிபார்த்தேன். தட்டினேன்.

முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் டிஸ்க்கின் உள்ளே பச்சையாகப் பார்க்கிற கட்டளையைக் கொடுத்து ஆரம்பத்தில் ஓரிடம் பார்த்தேன், நடுவில் ஓரிடம், கடைசியில் ஓரிடம். எல்லா இடத்திலும் வரிசை வரிசையாகப் பூஜ்ஜியம். ஒயரைக் கழற்றிவிட்டு, டிஸ்க் ஆறும்வரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.